வெள்ளிக்கிழமை நாலு மணி வைஃபை

எங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்கு நான் கொடுத்திருந்தது ஒரே ஒரு வேலை. வாரத்தில் ஒரு மணித்தியாலம் அது என் மனைவியின் முகத்தைக் காட்ட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். சமையல், துப்புரவு, இரண்டு பிள்ளைகள், எல்லாம் அவள் தலையில். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டார் தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார்கள். அவர்கள் தூங்கும் நேரம் அவளுடையது. அந்த நேரத்தில் மட்டும் அவள் தன் போனில் அந்த வீட்டு வைஃபையைப் பாவிக்க வீட்டுக்கார மேடம் விட்டிருந்தாள். சிம் போட விடவில்லை, அதனால் சாதாரண அழைப்பு கிடையாது. எங்களுக்கு அப்போது பின்னேரம் நாலு மணி. எங்கள் ஐந்து மணிபோல அங்கே எழும்பித் தேநீர் கேட்பார்கள், அத்தோடு முடிந்தது.

நான் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமையில் ஆட்டோவில் பாண் விற்கிறவன், பேக்கரி ரொட்டி. பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்கு ஒழுங்கை வருமே, அந்த ஆட்டோ. வாய் திறந்து கூவ வேண்டிய தொழிலாக இருந்தால் நான் இதற்கு வந்திருக்க மாட்டேன். பாட்டு கூப்பிடும், சனம் வரும், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாள் முழுவதும் பத்து வார்த்தை பேசாமல் வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், சிலவற்றை எரித்தார்கள். பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது நான் கண்டியில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக்கு முன்னால் பேச்சு தேவைப்படவில்லை.

மனைவி என் ஆட்டோவில் பனிஸ் வாங்கியவள்தான். தெல்தெனிய ரோட்டுப் பக்கம் தன் அக்கா வீட்டில் இருந்தாள். பல மாதம் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனவள், ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"ஒங்களுக்குப் பேச்சே வராதா, இல்ல என்கிட்ட மட்டுந்தான் வராதா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மிச்சக் காசைக்கூடக் கொடுக்காமல் ஆட்டோவை எடுத்துவிட்டேன். அடுத்த நாள் அவள் அதைக் கேட்டு வாங்கினாள். கல்யாணம் கட்டும்போது இரண்டு பேருக்கும் வயது போயிருந்தது. பிள்ளை கிடைக்கவில்லை. வீடு பாதியில் நின்றது. கூரைக்காக என்று சொல்லித்தான் அவள் போனாள்.

கூரை போட்டாயிற்று. அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேக்குறாங்க. நான் என்னங்க சொல்ல?"

வந்துவிடு என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. ஆனால் எனக்கு வார்த்தை உடனே வராது. அவள் முகத்தைப் பார்த்து, அவள் என் முகத்தைப் பார்த்து, அப்படியே கொஞ்ச நேரம் இருந்தால்தான் வரும். நான் அவள் முகத்தைப் பார்த்தபோது அது கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். அரைக்கண் மூடியபடி அப்படியே உறைந்துபோனாள். நான் உறைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு படமும் போய்விட்டது.

அடுத்த வெள்ளியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் இருப்பது ரோட்டுக்கு மேலே மேட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஐந்து வீடுகளில். ஒரு வீட்டில் தேங்காய் திருவினால் ஐந்து வீட்டுக்கும் கேட்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் அது ஐந்து வீட்டுக்கும் வந்த மாதிரி. முதல் டீவி வந்த வீட்டில் ஐந்து வீடும் இருந்து நாடகம் பார்த்தது. ஒருவர் வீட்டு ஏணி யார் வீட்டில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. வைஃபை பெட்டி வந்த அன்றைக்கே அடுத்த வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்பதுபோலப் பாஸ்வேட் கேட்டு வந்தார்.

"தம்பி, ஒங்க பெட்டியில இருந்து வர்ற காத்து எப்படியும் எங்க செவத்தத் தாண்டித்தானே போகுது. சும்மா போறத நாங்க புடிச்சிக்கிறோமே."

கொடுத்தேன். மற்ற வீடுகளும் வந்தன. கொடுத்தேன். இல்லை என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. பின்பக்கச் சீமெந்துக் கட்டின் மேல் பின்னேரங்களில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிரிக்கெட், சிங்கள நாடகம், பாட்டு. என் மனைவியின் முகத்தை இவர்கள்தான் பிய்த்துத் தின்கிறார்கள் என்று எனக்குள் ஒரு கோபம். வெளியில் கேட்காத கோபம்.

பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர் அக்குறணைக்காரர், முஸ்லிம். என்னைவிட இளையவர். பெட்டியை அவரிடம்தான் வாங்கினேன். அவரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். பாஸ்வேட்டை மாற்றச் சொன்னார், மாற்றித் தந்தார். அன்று பின்னேரமே அக்கா வாசலில் நின்றார்.

"பாஸ்வேட் மாறிருச்சா தம்பி? புதுசச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

திரும்பக் கடைக்குப் போனபோது அவர் கண்ணாடி மேசையில் கையைத் தட்டிச் சிரித்தார்.

"அண்ணன், புதுப் பூட்டு வாங்கி, அதுட சாவிய ஊருக்கெல்லாம் பள்ளில குடுக்குற சீரணி மாதிரி பங்கு வெச்சா பூட்டு என்னத்துக்கு?"

"கேட்டா இல்லன்னு சொல்ல ஏலாது தம்பி."

"அப்ப இல்லேன்டு நீங்க செல்லாதீங்க. பெட்டி செல்லட்டும்."

அவர் சொன்னது இதுதான். ஒவ்வொரு போனுக்கும் செய்தபோதே ஒரு இலக்கம் உண்டு, நமக்கு அடையாள அட்டை மாதிரி. பாஸ்வேட் சரியாக இருந்தாலும் பெட்டி அந்த இலக்கத்தைப் பார்த்து ஒருவரை விடலாம், ஒருவரை மறிக்கலாம். எந்த நாள், எந்த நேரம் என்றும் சொல்லி வைக்கலாம். ஒரு தாளில் எங்கே போய் எதைத் தொட வேண்டும் என்று படமாகவே கீறித் தந்தார். இங்கிலிஷ் எழுத்துகளை எனக்கு பஸ் பலகைகளிலும் பாண் பைகளிலும் கண்டு தெரியும். அர்த்தம் தெரியாது, வடிவம் தெரியும்.

அடுத்த நாள் காலைச் சுற்று முடிந்து, ஆட்டோவைக் கழுவி, கதிரையை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியின் அமைப்புப் பக்கம் போனில் திறந்தது. இப்போது வீட்டு வைஃபையில் இருக்கும் போன்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அருகில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான வரி. இவ்வளவு பேரா என்று பார்த்தேன். பிறகு, ஏனோ தெரியாது, என் போன் எங்கே என்று தேடினேன்.

யுத்த காலத்தில் நான் கண்டியில் பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் தங்கியிருந்தேன். வீட்டில் தங்குகிறவர்களின் பெயர் விபரத்தை வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டும். முதலாளி ஒரு தடவை என் பெயரைப் போட மறந்துவிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் கூப்பிட்ட பெயர்களில் என் பெயர் இல்லை. பெயர் இல்லாதவன் பேக்கரி உடுப்போடு, கையில் மாவோடு, ஸ்டேசனில் ஒரு மர வாங்கில் மாலைவரை உட்கார்ந்திருந்தான். முதலாளி வந்து சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்டால் என் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். இப்போது நான் அந்தப் பெயர் கூப்பிட்டவர்கள் பக்கம் உட்கார்ந்து, யார் உள்ளே யார் வெளியே என்று குறிக்கப் போகிறேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்தேன். யோசித்துப் பார்த்தேன். எனக்கு முழு வாரமும் வேண்டாம். யாரையும் முழுதாக மறிக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை, அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் என் போன் போதும். வாரம் முழுவதும் அவர்கள் பார்க்கட்டும். அந்த நேரம் கொஞ்சம் லைன் இல்லை என்றால் யார் கவனிக்கப் போகிறார்கள்? முற்றம் கூட்டுவார்கள், ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். இப்படி நினைத்ததும் மனது இலேசானது. நியாயமாக நடந்துகொள்கிறேன் என்றே நம்பினேன்.

முதல் தடவை, நேரம் போடும் முன்பே, தலைகீழாகச் செய்துவிட்டேன். இரண்டு வட்டங்கள் இருந்தன, ஒன்றைத் தொட வேண்டும். நான் மற்றதைத் தொட்டேன். என் போனில் வைஃபை அடையாளம் உடனே மறைந்தது. பின்பக்கத்தில் கிரிக்கெட் சத்தம் குறையாமல் கேட்டது. போனைக் கடைக்குக் கொண்டு போனேன்.

"வீட்டுக்காரன வெளிய போட்டுட்டு ஊர உள்ளுக்க எடுத்திருக்கீங்க" என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் சாய்ந்தார். "அண்ணன்ட மனசு அந்த மாதிரி. கைக்கும் அது தெரிஞ்சிருக்கி."

அவரே ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். வந்ததற்கு மீன் வைத்த மாலு பாண் ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டார். நான் மறுபடி செய்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இம்முறை சரி.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் முகம் கழுவி, சேர்ட் மாற்றி, தலை சீவி உட்கார்ந்தேன். நாலு மணிக்கு அழைப்பு வந்தது. தொட்டேன்.

முகம் முழுதாக இருந்தது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளை ஒரு துண்டாகக் கண்டேன். அவள் பின்னால் சமையலறை ஓடு, ஒரு நீலத் துணி காயும் கம்பி. அவள் மூக்குத்திக் கல்லில் வெளிச்சம் பட்டு அசைந்தது. மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கியது. இதற்கெல்லாம் பெயர் சொல்லத் தெரியாது எனக்கு. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னங்க, இன்னைக்குப் பளிச்சுன்னு தெரியுறீங்க! சேர்ட்ல ஒரு பொத்தானக் காணோமே?"

குனிந்து பார்த்தேன். காணவில்லைதான்.

"தெச்சுப் போடத் தெரியாதா? ஊசி அலுமாரியில மேல் தட்டுல இருக்கு. சரி, அத விடுங்க. மேடத்துக்கு நான் பதில் சொல்லணும். நீங்க ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறீங்களே."

வார்த்தை வந்துகொண்டிருந்தது. தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்.

"மகளே... மகளே, கேக்குதா? ஐயோ, ஒன்னும் தெரியலயே! ஏங்க, இங்க வாங்களேன், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு, எடுக்க மாட்டேங்கிறா!"

மனைவி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"அது அக்கா தானே? ஏன் கத்துறாங்க?"

"லைன் இல்ல போல."

"ஒங்களுக்கு இருக்கே. அதே பெட்டிதானே?"

நான் சொன்னேன். பேச்சு வராதவனுக்கு அன்று அது மட்டும் நன்றாக வந்தது. இலக்கம், நேரம், ஒரே ஒரு மணித்தியாலம், மற்ற நேரமெல்லாம் திறந்துதான் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன்.

அவள் போனைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அக்கா மக எங்க இருக்கான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"சவூதியில."

"கடைசி வீட்டு அண்ணனோட சம்சாரம்?"

"கட்டாருல."

"குவைத், சவூதி, கட்டாரு, எல்லா ஊருக்கும் வெள்ளிக்கிழம ஒன்னுதாங்க. எல்லா மேடமும் சாப்புட்டுட்டு இந்த நேரத்துலதான் தூங்குறாங்க. எனக்கு இருக்குற ஒரு மணித்தியாலந்தான் அவளுக்கும் இருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படம் உடைந்தது கிரிக்கெட்டால் அல்ல. ஐந்து வீட்டில் மூன்று வீடு ஒரே நேரத்தில் தன் ஆளைப் பார்க்க முண்டியடித்ததால்தான். இத்தனை வருஷம் சுவரோடு சுவராக இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் என் முகம் கழுவிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவேன், அவ்வளவுதான்.

"தொறந்து விடுங்க" என்றாள். "பாவம், அது தாயில்லையா. நாம அடுத்த வெள்ளி பேசிக்கலாம். மேடத்துக்கிட்ட ஒரு கிழம தவண சொல்றேன்."

அடுத்த வெள்ளி என்றால் அடுத்த வெள்ளிதானே என்று எனக்கும் தோன்றியது. பெட்டியின் பக்கத்தைத் திறந்து அந்த நேரத் தடையை எடுத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் "ஆ, தெரியுது! தெரியுது!" என்று ஒரு கூச்சல். என் கையில் மனைவியின் முகம் முதலில் நெற்றியிலிருந்து உடையத் தொடங்கியது.

அடுத்த கிழமை தெல்தெனியப் பக்கம் கலவரம் தொடங்கியது. முஸ்லிம் ஆட்களின் கடைகள் எரிகின்றன என்று காலைச் சுற்றில் சொன்னார்கள். பாண் வாங்க வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அன்று பகலே ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். நான் ஆட்டோவைப் பூட்டி நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தேன். பொய்ச் செய்தி பரவுகிறது என்று போனில் படத்தோடு பேசும் வழிகளையெல்லாம் அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்டியில் விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. ஆனால் அழைப்பு மட்டும் போகவில்லை. நான் ஒரு மணித்தியாலத்துக்குச் செய்ததை அவர்கள் நாட்டுக்கே செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை போன் கடைக்காரருக்குச் சாதாரண அழைப்பு எடுத்தேன். கடையைப் பலகை அடித்து மூடிவிட்டு அக்குறணைக்குப் போயிருந்தார். முதலில் அவர் எப்படி என்று கேட்டேன். கேட்டேனா, கேட்க நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை. பின்னால் நிறைய ஆண்களின் குரல் கேட்டது.

"எல்லாரும் ரோட்டுலதான் ஈக்கிறோம் அண்ணன். பொம்புளயள உள்ளுக்கு வெச்சிட்டு. துஆ செய்யுங்க." மூச்சு விட்டார். "என்ன, அண்ணிக்குப் பேச வழி வேணுமா? செல்லுங்க, வெக்கப்படாதீங்க."

வேறு நாட்டு வழியாகச் சுற்றிப் போகிற ஒரு செயலி இருக்கிறது என்று சொல்லி, அதன் படம் எப்படி இருக்கும் என்று விளக்கினார். என் போன் பழையது, அது ஏறவில்லை. அக்காவின் மகள் அனுப்பிய போன் புதியது. அதில் ஏறியது. ஊரடங்கு என்றாலும் எங்கள் ஐந்து வீடும் ஒரே கூரை மாதிரிதான், நான் பின்பக்கத்தால் அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூன்று வீட்டு ஆட்களும் அக்காவின் சின்ன முன்னறையில் இருந்தோம். அக்காவின் புருஷன் ஜன்னலைச் சாத்தினார்.

அக்கா என்னை ஒரு கண்ணால் பார்த்தார்.

"தம்பி, இன்னைக்கு ஒங்க பெட்டி ஒன்னும் நேரம் பாத்து மூடாதே?"

எனக்கு முகம் சுட்டது. சுவர் வழியாகக் கேட்டுத் தெரிந்திருக்கிறது. அவருடைய புருஷன் "விடு, புள்ள ஏற்கெனவே வேர்த்துப்போய் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாளில் அந்த அறையில் சிரிப்பு வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருந்த பிறகு சவூதி கிடைத்தது. படமில்லை, குரல் மட்டும். மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அம்மா, இங்க எல்லாரும் கண்டி எரியுதுன்னு காட்டுறாங்க" என்று அழுதாள். அக்கா "நாங்க நல்லா இருக்கோம், சோறு தின்னோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கட்டார். பிறகு போனை என் கையில் தந்தார்கள்.

மனைவியின் இலக்கத்தை நானே அழுத்தினேன். அது அடித்தது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். வெட்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அடித்து நின்றது.

"தூங்கிருப்பா" என்றார் அக்கா.

"வேல சொல்லிருப்பாங்க" என்றார் கடைசி வீட்டு அண்ணன்.

ஐந்து மணி வரைக்கும் அழுத்தினேன். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார், ஆறியது.

அடுத்த வெள்ளிக்கு முன்னால் தடையை எடுத்துவிட்டார்கள். ஊரடங்கும் போய்விட்டது. நான் பாண் கொண்டு போகத் தொடங்கினேன். சில வீட்டு வாசல்களில் கரியும் கண்ணாடித் துண்டும் கிடந்தன, பாட்டைப் போட மனம் வரவில்லை. சத்தமில்லாமல் போனேன், பாண் வாங்க யாரும் வரவில்லை. போன் கடைக்காரர் பலகையைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாமான்களை இன்னும் அக்குறணையிலிருந்து கொண்டுவரவில்லை. "கெடச்சாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வெறும் மேசையைத் துணியால் துடைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவும் கடைசி வீட்டு அண்ணனும் தங்கள் போன்களை நிறுத்தி என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் கேட்கவில்லை. "மொதல்ல நீங்க பேசுங்க, அப்புறம் நாங்க" என்றார் அக்கா, அவ்வளவுதான்.

அழைப்பு வந்தது. முகம் முழுதாக வந்தது. அவள் அழுதிருந்தாள். என்னைக் கண்டதும் திரும்ப அழத் தொடங்கினாள். நான் காத்திருக்கவில்லை.

"வந்துரு" என்றேன்.

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"வந்துரு. இருக்க வேணாம். வந்துரு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"போன வெள்ளிக்கிழம மேடம் பேப்பரக் கொண்டாந்து வெச்சுட்டாங்க. ஒங்ககிட்ட கேக்க வழி இல்ல. டீவியில நம்ம ஊரக் காட்டுறாங்க, நெருப்பா இருக்கு. நீங்க இருக்கீங்களா இல்லயான்னு தெரியல எனக்கு. அங்க வந்து என்ன செய்யப் போறோம்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நான் எடுத்தேன். அக்கா போன்ல."

"அது நீங்களா? தெரியாத நம்பருன்னு நான் எடுக்கல. தெரியாத நம்பர எடுத்தா போனப் புடுங்கிருவேன்னு மேடம் சொல்லிருக்காங்களே." அவள் கையை வாயில் வைத்தாள். "அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்று படம் ஒரு தரமும் உடையவில்லை. அவளுடைய தலை வகிட்டில் நரை ஏறியிருந்ததை அன்றுதான் கண்டேன். உடைந்த படத்தில் அது தெரிந்ததில்லை. கடைசியில் அவள் "பொத்தான் தெச்சீங்களா?" என்று கேட்டாள். கேமராவுக்கு நேரே சேர்ட்டைப் பிடித்துக் காட்டினேன். "நூல் நெறம் மாறிப்போச்சு" என்றாள். உள்ளேயிருந்து ஒரு பிள்ளை கூப்பிட்டது. போய்விட்டாள்.

நான் வெளியே வந்து போன்களை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மகளுக்கு எடுக்கப் போனைத் திறந்தார். நேரம் ஐந்தை நெருங்கிவிட்டது, அவருடைய மகள் அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வீட்டையும் வைத்துப் பேசினோம். பேசியது அவர்கள்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் கடைசி வீட்டு அண்ணனுக்கும் யார் முதல் என்று சண்டை வந்தது. "என் புள்ள சின்னப் புள்ள" என்றார் அக்கா. "என் சம்சாரத்துக்குப் பிரஷர் இருக்கு" என்றார் அண்ணன். ஒரு கிழமை அவர், ஒரு கிழமை இவர் என்று முடிந்தது. நான் கதிரையை ஜன்னலோரம் போட்டு, நாலு மணியை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு வீட்டுப் போன் மட்டும் நிற்கும்படி பெட்டிக்குச் சொன்னேன். நோன்பு மாதம் வந்தால் அங்கே தூங்கும் நேரம் மாறும், அப்போது நானும் மாற்றுவேன். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் அந்த நேரம் தாங்களாகவே குளிக்கப் போனார்கள்.

கடைசிப் பங்கு எனக்கு. நானாகக் கேட்டு வாங்கியது. கடைசியில் இருந்தால், அந்த வீட்டார் எழும்பப் பிந்துகிற நாளில் கொஞ்சம் கூடக் கிடைக்கும். சில வெள்ளிகளில் ஐந்தும் தாண்டிப் போயிருக்கிறது. சில வெள்ளிகளில் அவள் வந்து உட்காரும் முன்பே உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் அவள் முகம் தெரிந்ததும் நான் காத்திருப்பதில்லை. வந்துரு என்று சொல்லிவிடுவேன். இன்னும் நாள் இருக்கே என்பாள் அவள். சாப்பிட்டாயா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.